சம்பந்தி உள்ளே இருக்கிறார்

அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கும் கையேடுகளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். படிக்காமல் இருப்பதே நாட்டுக்கு நல்லது என்பது என் கட்சி. நான் ஒரு கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி அட்டையில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தேன். அதன் பலனாக, என் தங்கையைப் பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டுக் கக்கூஸில் அடைபட்டார்.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டபடி வீட்டில் இருந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்கூடத்தில் அப்பாவின் தறி, நடுவில் சமையற்கட்டு, பின்னால் கொல்லை, கிணறு. அப்பாவும் என் தங்கை வசந்தாவும் பட்டு வேலையில் இருக்க, நான் மட்டும் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்துக்கொண்டு வீட்டுக்கு அறிவு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தாவுக்குச் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஏதோ தொழிற்சாலையில் பிட்டர். அவருடைய அம்மா தரகரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பினார்.

"நகையெல்லாம் அப்புறமா பேசிக்கலாம். மொதல்ல பொண்ணு வீட்ல ஒழுங்கான கக்கூஸ் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை வியாதி. நாலு எடத்துக்குப் போயி அந்த ஒரு விஷயத்துல கஷ்டப்பட்டு வந்துட்டாரு."

எங்கள் வீட்டில் இருந்தது, தினமும் ஆள் வந்து அள்ளிக்கொண்டு போகிற பழைய எடுப்புக் கக்கூஸ். சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவரை அந்தப் பக்கம் திரும்பவே விடக்கூடாது என்ற நிலைமையில் அது இருந்தது. அப்பா யோசித்தார். அம்மா கவலைப்பட்டாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன். (என் வாழ்க்கையில் நான் எழுந்து நின்ற போதெல்லாம் குடும்பத்துக்கு ஏதாவது ஆகியிருக்கிறது.)

"கவர்மெண்ட்டே எடுப்புக் கக்கூஸை ஒழிச்சுக்கினு இருக்குதுப்பா. செப்டிக் டேங்க் வச்சுக் கட்டறவங்களுக்கு சிமெண்ட் பர்மிட் சீக்கிரமா கெடைக்கும். நான் வாங்கினு வரேன்" என்றேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு சிமெண்ட் என்பது கடையில் போய்க் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. என்ன கட்டப்போகிறாய், எங்கே கட்டப்போகிறாய் என்று மனுப் போட்டு, பர்மிட் வாங்கி, அதைக் காட்டினால்தான் மூட்டை கிடைக்கும். எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கே போட வேண்டும். கக்கூஸ் என்று சொல்லி வாங்கி மாடியில் போட்டுக்கொண்டவர்கள் ஊரில் இருந்தார்கள். அதனால் கட்டி முடித்த பிறகு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அளந்து, தரையைச் சுரண்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் கேஸ். தறியில் உட்கார்ந்தே வாழ்க்கையைக் கழித்த அப்பாவுக்குக் கேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நாக்கு வறண்டுவிடும்.

பர்மிட் கிடைத்தது. கூடவே அந்தக் கையேடும் கிடைத்தது. சுகாதாரமான கழிப்பறை எப்படி அமைய வேண்டும் என்று அதில் எல்லாமே இருந்தது. மணலும் சிமெண்டும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும், குழி எவ்வளவு ஆழம், குழாய் எந்தச் சாய்வு. "காற்றும் வெளிச்சமும்" என்று தனி அத்தியாயமே இருந்தது. பகலில் விளக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லாதபடி, தரையின் பரப்புக்கு ஏற்ற அளவில் வெண்டிலேட்டர் வைக்க வேண்டுமாம். எனக்கு மெய்சிலிர்த்தது. பொருளாதாரம் படித்தவன் இல்லையா, மின்சாரச் சிக்கனம் என்றதும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

மேஸ்திரி வழக்கம்போல மேலே ஒரு கைக்குட்டை அளவுக்கு ஓட்டை வைக்கப் பார்த்தார். நான் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டி, அதைப் பெரிய சதுரமாக்கினேன். அம்மா வந்து பார்த்தாள்.

"இது இன்னாடா, கோயில் சொர்க்கவாசல் மாதிரி தொறந்து வச்சிருக்கே. வெக்கம் மானம் வேணாவா?"

"தலைக்கு மேலதானேம்மா இருக்குது. காத்து வரணும்."

கம்பி போடலாம் என்றால் இரும்புக்கும் தட்டுப்பாடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. "வேலை முடிந்தபின் கட்டுமானம் முழுவதையும் காலையும் மாலையும் நன்றாக நனைத்து வர வேண்டும்" என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். சுவருக்கு ஊற்றினேன், தரைக்கு ஊற்றினேன், கதவுக்கும் ஊற்றினேன்.

"கதவு இன்னா செடியா? அதுக்கு எதுக்குடா தண்ணி ஊத்தற?" என்றாள் அம்மா.

"கட்டுமானம் முழுவதும்னு போட்டிருக்குதும்மா."

அம்மா சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். (படித்த பிள்ளையிடம் வாதாடக் கூடாது என்று அப்போதெல்லாம் ஒரு மரியாதை இருந்தது. அன்றைய தினத்தோடு அது ஒழிந்தது.)

பெண் பார்க்கும் நாள் வந்தது. சைதாப்பேட்டையிலிருந்து அப்பா, அம்மா, பையன் மூன்று பேர். பையனுக்குத் தலை நிறைய முடி, வெள்ளைச் சட்டை. உள்ளே வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமையோ என்று அப்பா என் காதில் கேட்டார்.

பையனின் அப்பா பருத்த உடம்புக்காரர். பஸ்ஸில் நெடுநேரம் வந்தவர், தண்ணீர்ச் சொம்பைக்கூட வாங்காமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தருணத்துக்காகத்தானே நான் இத்தனை நாள் உழைத்தேன்.

"வாங்க மாமா" என்று அழைத்துப் போனேன். (தட்டு மாற்றுவதற்கு முன்பே மாமா. அவ்வளவு நம்பிக்கை எனக்கு, அந்தக் கட்டடத்தின் மேல்.) வாசலில் நிறுத்தி, கலவை விகிதத்தில் தொடங்கினேன். குழாயின் சாய்வை விளக்கினேன். காற்றும் வெளிச்சமும் அத்தியாயத்துக்கு வந்தபோது அவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். என் பேச்சில் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு என்று நினைத்தேன்.

"தம்பி, மீதிய வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லி, என்னை விலக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பலமாகவே கேட்டது.

நான் வெளியே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். கதவு கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும்.

"நல்ல வேப்ப மரம் மாமா" என்றேன்.

மறுபடியும் தட்டினார்.

"கதவு வெளிப்பக்கமாத் தெறக்கற மாதிரி வச்சிருக்கேன் மாமா. உள்ள எடம் அடைக்காது."

"தம்பி" என்று நிதானமான குரல் வந்தது. "தாழ்ப்பா வரமாட்டேங்குது."

நான் ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்து வளர்ந்திருந்த கதவு நிலையோடு நிலையாக இறுகிவிட்டது. தாழ்ப்பாள் துளைக்குள் அப்படியே பிடித்துக்கொண்டது. நான் வெளியிலிருந்து இழுத்தேன், அவர் உள்ளிருந்து தள்ளினார். கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா பார்த்தார். போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். அம்மா குறுக்கே நின்றாள்.

"நல்ல காரியத்துக்கு வந்த அன்னிக்கு வீட்ல கடப்பாரை எடுத்து இடிப்பாங்களா? வேற எதனா பண்ணுங்க."

நாங்கள் வேறு ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் முன்வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சிமெண்ட் இன்ஸ்பெக்டர்.

அவர் வருகிற நாள் எதுவென்று எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் வருவதுதான் அவர் உத்தியோகம். கூடத்தில் இருந்த பையனின் அம்மா, பையும் குடையுமாக ஒரு பெரியவர் வருவதைப் பார்த்துப் பெண்ணுக்கு மாமா என்று நினைத்து, "வாங்க, உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று கேசரித் தட்டை நீட்டியிருக்கிறார். கோலம், பூ, கேசரி, பட்டுப் புடவையில் ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்த இன்ஸ்பெக்டர் மிரண்டுவிட்டார்.

"அம்மா, எனக்காக இதெல்லாம் எதுக்கு? நான் கவர்மெண்ட் ஆளு. எதையும் தொடக் கூடாது. கக்கூஸ் எங்க இருக்குதுன்னு காட்டுங்க, போதும்."

இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே இதைத்தான் கேட்கிறார்களே என்று அந்த அம்மாள் வியந்தபடி அவருக்குக் கொல்லைப்புறத்தைக் காட்டினார். பையனும் அந்த அம்மாளும் இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்தார்கள். வசந்தா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான் மாப்பிள்ளையோட அப்பா."

அம்மா என் கையைப் பிடித்தாள். "மாப்பிள்ளைன்னே சொல்லிட்டாருடா" என்று முணுமுணுத்தாள். அந்த நிலைமையிலும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"கொஞ்சம் வெளில வாங்க சார். அளக்கணும்."

"நானும் அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

விஷயத்தை விளக்கினோம். இன்ஸ்பெக்டர் கடப்பாரையைப் பார்த்தார். "இத பாருங்க, கதவு, நிலை, சுவரு எல்லாம் முழுசா இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். இடிச்சிட்டு இங்க ஒரு கக்கூஸ் இருந்திச்சின்னு சொன்னீங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அப்புறம் கேஸ்தான்."

அப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு பக்கம் மகளின் கல்யாணம், இன்னொரு பக்கம் கேஸ். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. சிரிப்பாக எழுதிக்கொண்டு வந்தாலும், அந்த ஒரு நிமிஷம் சிரிப்பாக இல்லை. இத்தனையும் என்னால் வந்தது. நானே சரிசெய்கிறேன் என்று முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"வெண்டிலேட்டர் வழியா உள்ள எறங்கி நான் தாழ்ப்பாளத் தட்டித் தெறக்கறேன்."

தலை போயிற்று. தோள் போயிற்று. அப்போது நான் ஒல்லியாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்கென்று அகலமான பெல்ட்டும் பெரிய பக்கிளுமாகப் புது டெரிலின் பேண்ட் போட்டிருந்தேன். இடுப்பு வந்ததும் பக்கிள் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. பாதி நான் சம்பந்தி பக்கம். மீதி நான் தெருவின் பக்கம். தெருவின் பக்கம் என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் நின்றுகொண்டே வந்தது எனக்கு உள்ளேயே கேட்டது. பக்கத்துக் கொல்லைச் சுவர் மேல் தலைகள் முளைத்ததாக வசந்தா பிறகு சொன்னாள்.

உள்ளே சம்பந்தி என் முகத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாததாலோ என்னவோ, விசாரிக்க ஆரம்பித்தார்.

"இன்னா படிச்சிருக்கீங்க தம்பி?"

"பி.ஏ. மாமா."

"இன்னா பாடம்?"

"பொருளாதாரம்."

"ம்." அண்ணாந்து வலித்த கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "தங்கச்சி எப்படி?"

"ரொம்பக் கெட்டிக்காரி மாமா."

"வீட்ல ஒருத்தராவது இருந்தாச் சரி."

வெளியே என் இடுப்பைச் சுற்றி ஏதோ ஊர்ந்தது. இன்ஸ்பெக்டர் டேப் வைத்து வெண்டிலேட்டரை அளந்துகொண்டிருந்தார். வந்த நேரம் வீணாகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். "நெறைய வீடு பாத்துட்டேன். காத்து வர்ற ஜன்னலுக்குச் சட்டப்படி அளவு வச்சது இந்த ஒரு வீட்லதான்" என்றார். நம்பமாட்டீர்கள், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதும் பெருமையாக இருந்தது.

கடைசியில் அப்பா ஒரு காலையும் இன்ஸ்பெக்டர் ஒரு காலையும் பிடித்து இழுக்க, உள்ளேயிருந்து சம்பந்தி என் தலையில் கை வைத்துத் தள்ள, பக்கிள் பிய்ந்து நான் வெளியே வந்து விழுந்தேன். பேண்டின் பின்பக்கம் அரைஞாண் வரைக்கும் கிழிந்திருந்தது. துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் என் பங்கு எதுவும் இல்லை. நடந்ததெல்லாம் நன்றாக நடந்ததற்கு அதுவே காரணம்.

"எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருப்பாரு. ஒரு காபியாவது குடிக்கட்டும்" என்றாள் வசந்தா. பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு முக்காலியில் ஏறி, வெண்டிலேட்டர் வழியாக டம்ளரை நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"சக்கரை போடலையே?"

"போடலை. தரகர் சொன்னாரு."

"நல்லா இருக்குதும்மா."

இப்படியாகப் பெண் பார்த்து முடிந்தது. அவள் முக்காலியிலிருந்து இறங்கித் திரும்பியபோது, பையன் கதவின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள். அவர் வாயைத் திறப்பதும், தன் அம்மாவைப் பார்ப்பதும், மூடுவதுமாக இருந்தார். கொல்லைக்கு வந்ததிலிருந்து அப்படித்தானாம். எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

"நீங்க எதனா சொல்லணும்னு நிக்கிறீங்களா?" என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவரிடம் பெண் பேசுவதா?

பையன் தன் அம்மாவைப் பார்த்தார். "இங்க வந்து வாயே தெறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க."

"பரவால்ல, சொல்லுடா" என்றார் அந்த அம்மாள், களைத்துப்போன குரலில்.

"கதவு வெளிப்பக்கம் தெறக்கறது. கீலு இந்தப் பக்கமாத்தானே இருக்குது. அதுல இருக்கிற ஆணியத் தட்டி எடுத்துட்டாக் கதவு தன்னால கழண்டு வரும்."

இன்ஸ்பெக்டர் கீலைப் பார்த்தார். அப்பா கீலைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கிணற்றடியில் இருந்த என்னைப் பார்த்தார்கள்.

வசந்தா சுத்தியும் ஒரு நீள ஆணியும் கொண்டுவந்தாள். பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழிருந்து தட்டினார். அவள் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கீலைத் தட்டும்போது உள்ளேயிருந்து, "டம்ளரை எங்கம்மா வைக்கிறது?" என்று குரல் வந்தது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த வசந்தா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். சுத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கதவைப் பிடித்தபடி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் டம்ளரோடு நிற்பதை மறந்தேபோனார்கள்.

கதவு முழுசாக, கீறல் இல்லாமல் கழன்று வந்தது. சம்பந்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் வந்த மறுகணமே இன்ஸ்பெக்டர் உள்ளே போய்த் தரையைச் சுரண்டிப் பார்த்து, கதவைத் திரும்ப மாட்டச் சொல்லி, அது நிற்கிறதா என்று ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேசரியை மட்டும் கடைசி வரைக்கும் தொடவில்லை. அப்பா அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார். திரும்பி வரும்போது அவர் நடையே மாறியிருந்தது.

ஆனாலும் பெரிய விஷயம் பாக்கி இருந்தது. சம்பந்தி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டோடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையனின் அம்மா தன் வீட்டுக்காரரிடம், "இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணும் பேசிடுச்சி, பையனும் பேசிட்டான். இனிமே நாம பேச இன்னா இருக்குது? தட்டை எடுத்துக்கினு வரச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் காத்தும் வெளிச்சமும்னு சொன்னீங்களே, அது நெசம்தான். உள்ள புழுக்கமே இல்ல."

கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது. பந்தலில் சம்பந்தி ஒவ்வொரு வரிசையாகப் போய் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வரிசையிலும் நான் இன்னும் கொஞ்சம் நேரம் ஜன்னலில் தொங்கினேன். எனக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பொருளாதாரம்தான் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் யாராவது வீடு கட்டினால் என்னைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவார்கள், அதற்கு முன்னால் கட்டுகிற இடத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. குளியலறைக் கதவை யார் தட்டி "உள்ள யாரு" என்று கேட்டாலும், உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ, "நான் மாப்பிள்ளையோட அப்பா" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வசந்தாவின் மாமியார்கூடக் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். சம்பந்தி மட்டும் சொல்ல மாட்டார். அவர் தாழ்ப்பாளே போடமாட்டார், பாட்டுப் பாடுவார்.

போன பொங்கலுக்கு என் மகனின் மாமனார் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, அளந்து பேசுகிறவர். குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா?" என்று கேட்டார். இன்னும் பள்ளிக்கூடமே போகாத எங்கள் மகள் வயிற்றுப் பேத்தி உள்ளேயிருந்து கணீரென்று சொன்னாள்: "நான் மாப்பிள்ளையோட அப்பா."

அவர் திரும்பி, மாப்பிள்ளையின் அப்பாவாகிய என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றேன். "கொஞ்சம் பெரிய கதை."